நூற்றி மூன்றை 1003 என்று எழுதும் பிள்ளை



சென்ற மாதம் ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மகளின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளையும் உள்ளே மடித்து வைத்திருந்தார். பிள்ளை மூன்றாந் தரத்தில் படிக்கிறாள். டீச்சர் பத்து எண்களை வாயால் சொல்ல, பிள்ளைகள் இலக்கத்தில் எழுத வேண்டும். இவளுக்குப் பத்தில் இரண்டுதான் சரி. மற்ற எட்டின் மேலும் சிவப்புப் பேனையால் பெரிய பெரிய பிழை அடையாளம்.

"மூத்தவனுக்கு இப்படி இருக்கவில்லை. இவளுக்கு மூளை மந்தமோ என்று பயமாக இருக்கிறது. அகப்பைக் காம்பால் இரண்டு அடியும் போட்டுவிட்டேன். பிறகு நானே குசினிக்குள் போய் இருந்து அழுதேன்" என்று அந்த உம்மா எழுதியிருந்தார்.

நான் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். நீங்களும் கொஞ்சம் பாருங்கள். நூற்று மூன்று என்பதற்குப் பிள்ளை எழுதியிருப்பது 1003. இருநூற்று நாற்பத்தைந்துக்கு 20045. ஐந்நூற்று அறுபதுக்கு 50060. எழுநூற்றுப் பதினெட்டுக்கு 70018. சரியான இரண்டும் எவை தெரியுமா? முந்நூறும் எண்பத்தேழும்.

மந்தமான பிள்ளை எழுதிய தாளா இது? எட்டுப் பிழையும் ஒரே பிழை. டீச்சர் "நூற்று" என்றார், பிள்ளை 100 எழுதினாள். "மூன்று" என்றார், பக்கத்தில் 3 எழுதினாள். காது கேட்டதைக் கை அப்படியே எழுதியிருக்கிறது. அவளுக்கு நூறு எழுதத் தெரியும், நாற்பத்தைந்து எழுதத் தெரியும். இரண்டையும் ஓரிடத்தில் எப்படிச் சேர்ப்பது என்ற ஒன்றுதான் தெரியாது. அது தெரியாததற்கு அகப்பைக் காம்பு மருந்தாகாது.

அந்தச் சகோதரியைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் இரண்டாவது மகளும் இதே வயதில் இதையேதான் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து "அழி, திரும்ப எழுது" என்று சொல்லிச் சொல்லி, அழிறப்பர் பட்டுப் பட்டு அந்தத் தாள் ஓட்டையாகிப் போனது. அதன் பிறகு கொஞ்ச காலம் கணக்குக் கொப்பியை எடுத்தாலே அவளுக்கு வயிற்றுவலி வரும். அந்த வலி பொய் என்று நான் நினைத்தேன். பொய்யில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நமது பிள்ளைகள் செய்யும் இந்தப் "பிழை"யைத் தமிழர்கள் பல நூற்றாண்டு காலம் சரியென்றே எழுதி வந்தார்கள். பழைய தமிழ் இலக்கங்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி அடையாளம் உண்டு. நூற்று மூன்று என்றால் ௱௩. இருநூற்று நாற்பத்தைந்து என்றால் ௨௱௪௰௫. அதாவது இரண்டு, நூறு, நாலு, பத்து, ஐந்து. வாயால் சொல்வதை அப்படியே வரிசையாக எழுதினார்கள். அந்த முறையில் பூச்சியம் தேவைப்படவே இல்லை.

இன்று நாம் எழுதும் முறை வேறு. ஒன்பது இலக்கமும் ஒரு பூச்சியமும் மட்டும்தான் நம் கையில் உண்டு. ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைக் கொண்டே அதன் பெறுமதி தீர்மானமாகிறது. இதைத்தான் பிள்ளைகளின் புத்தகத்தில் இடப்பெறுமானம் என்கிறார்கள். இந்த முறை இந்தியாவில் பிறந்தது. பூச்சியத்தை வைத்துக் கணக்குச் செய்யும் விதிகளை பிரம்மகுப்தர் 628இல் எழுதி வைத்தார். பிறகு அது பக்தாதுக்குப் போனது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி இந்த இந்தியக் கணக்கு முறையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அரபு மூலம் நமக்குக் கிடைக்கவில்லை, இலத்தீன் வடிவமே எஞ்சியிருக்கிறது. பூச்சியத்துக்கு அரபியில் ஸிஃப்ர், வெறுமை என்று பொருள். ஆங்கிலத்தில் இன்று சொல்லும் ஸீரோ என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது. ஐரோப்பாவிலோ இதை இலேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர்களின் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்த இலக்கங்களை எழுதக் கூடாது என்று 1299இல் தடையே போட்டது. அனுபவப்பட்ட வியாபாரிகள் தயங்கிய விஷயத்தை எட்டு வயதுப் பிள்ளை இரண்டு தவணைக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? கொப்பியை மூடி வையுங்கள். முதல் வேலை ஈர்க்கு.

தென்னோலையிலிருந்து ஈர்க்கு வாரி, விரல் நீளத்துக்கு நூற்று முப்பது துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். (பழைய விளக்குமாற்றைப் பிரித்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள், புது ஈர்க்காக எடுங்கள்.) ஒரு கைப்பிடி றப்பர் பட்டியும் வேண்டும். தரையில் சோக்கட்டியால் மூன்று அறை கீறுங்கள். வலது பக்கம் ஒன்றினிடம், நடுவில் பத்தினிடம், இடது பக்கம் நூறினிடம். முக்கியமான ஒன்று: பிள்ளைக்கு எதிரே இருக்காதீர்கள். எதிரே இருந்தால் உங்கள் வலது அவளுக்கு இடதாகிவிடும். அவளுக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 16 குச்சிகளை எண்ணி வைக்கச் சொல்லி, அதை இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் 6ஐச் சுட்டி, "இது எந்தக் குச்சிகள்? காட்டு" என்று கேளுங்கள். ஆறு குச்சிகளைப் பிரித்துக் காட்டுவாள். இப்போது 1ஐச் சுட்டி அதையே கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்துக் காட்டும். மிகுதி ஒன்பது குச்சியும் எங்கே என்று கேட்டால் நம்மையே திருப்பிப் பார்க்கும். வகுப்பில் பத்தினிடம், ஒன்றினிடம் என்று மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளையும் இங்கே தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த 1க்குள் பத்துக் குச்சி ஒளிந்திருக்கிறது என்பது அவளுக்கு இன்னும் புரியவில்லை. அது புரியாமல் மேலே எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அது மணலில் கட்டிய சுவர்தான்.

இனி விளையாட்டு. குச்சிகளை ஒவ்வொன்றாக ஒன்றினிடத்து அறையில் வைக்கட்டும். ஒரே ஒரு சட்டம்தான்: அந்த அறையில் ஒன்பது பேருக்கு மேல் இருக்க முடியாது. பத்தாவது ஆள் வந்ததும் பத்துப் பேரும் ஒரு கட்டாகி அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். கட்டை நீங்கள் போடாதீர்கள். றப்பர் பட்டியை அவளே சுற்ற வேண்டும். சுற்றும்போது கை தளரும், குச்சி சிதறும், மறுபடி எண்ணுவாள். அந்தச் சிரமம் தேவை. பத்தினிடத்து அறைக்கும் அதே சட்டம். பத்தாவது கட்டு வந்ததும் பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி நூறினிடத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் நூறு வரை போக ஒரு மாலைப் பொழுது முழுதும் போய்விடும். போகட்டும். அந்தப் பெரிய கட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். நூறு என்பது அதுவரை அவளுக்கு மூன்று இலக்கம் மட்டும்தான். இப்போதுதான் அதற்கு ஒரு கனம் வருகிறது.

கையால் தொட்டுக் கனத்தை உணர வேண்டும் என்பதை மரியா மொண்டிசோரி அம்மையார் நன்கு விளங்கி வைத்திருந்தார். அவருடைய முறையில் பொன்னிற மணிகள் உண்டு. ஒற்றை மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி. பத்துக் கம்பிகளைச் சேர்த்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய பெட்டி ஆயிரம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அம்மையார் அங்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அந்த மணிகளை விலைக்கு வாங்கினால் காசு அதிகம். ஈர்க்குக் கட்டு அதே வேலையைச் செய்கிறது.

இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நமது நூற்று மூன்றுக்கு வர வேண்டும். "நூற்று மூன்று குச்சி வை மகள்" என்று சொல்லுங்கள். ஒரு பெரிய கட்டை இடது அறையில் வைப்பாள், மூன்று குச்சியை வலது அறையில் வைப்பாள். நடு அறை வெறுமையாக இருக்கும். "ஒவ்வொரு அறையிலும் எத்தனை இருக்கிறது? அறைக்குக் கீழே எழுது" என்று சொல்லுங்கள். 1 எழுதுவாள், 3 எழுதுவாள். நடுவில் என்ன எழுதுவது? என் மகள் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "இங்க ஒருத்தரும் இல்லையே உம்மா" என்றாள். "ஒருத்தரும் இல்லையென்று எழுது" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 0 போட்டாள்.

ஆள் இல்லை, ஆனால் அறை இருக்கிறது. பூச்சியத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. "தொழுகை வரிசையில் இடைவெளி விடாதே, நெருங்கி நில்" என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எண்ணில் அப்படி நெருங்கி நின்றால் கணக்குக் கெட்டுவிடும். 103 நெருங்கினால் 13. இதை என் மகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு அந்த இடத்தில் அவளுக்குப் பிழை வந்த ஞாபகமே எனக்கில்லை.

அடுத்தது மட்டை. பழைய கலண்டர் மட்டையோ பிஸ்கட் பெட்டியோ போதும். 100, 200 முதல் 900 வரை நீண்ட துண்டுகளில் எழுதுங்கள். 10, 20 முதல் 90 வரை அதைவிடச் சிறிய துண்டுகளில். 1 முதல் 9 வரை ஓர் இலக்கம் மட்டும் பிடிக்கும் சின்னத் துண்டுகளில். இலக்கங்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்க வேண்டும். இப்போது இருநூற்று நாற்பத்தைந்து: 200 மட்டையைக் கீழே வைத்து, அதன் மேல் 40 மட்டையை வலது ஓரம் சரியாகப் பொருந்தும்படி வைத்து, அதன் மேல் 5ஐ வைத்தால் 245 தெரியும். பூச்சியங்கள் அடியில் மறைந்துவிட்டன. மேல் மட்டையைத் தூக்கினால் அவை அங்கேயேதான் இருக்கின்றன. தான் எழுதிய 20045 எங்கிருந்து வந்தது என்பது அப்போது பிள்ளைக்குத் தானாகவே விளங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க வேண்டியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டோம் என்று அவளே சொல்வாள்.

காசை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் சுகம்தானே என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. ஒரு ரூபாய்க் குற்றி, பத்து ரூபாய்க் குற்றி, நூறு ரூபாய்த் தாள், ஆயிரம் ரூபாய்த் தாள் எல்லாம் வீட்டில் இருக்கின்றனவே என்பார்கள். காசு நல்லதுதான், ஆனால் அது இரண்டாவது படி. பத்து ரூபாய்க் குற்றியை உடைத்துப் பார்த்தால் உள்ளே பத்து ஒரு ரூபாய் இருக்காது. அது பத்து என்பது நாம் ஒத்துக்கொண்ட ஒரு பேச்சு. ஈர்க்குக் கட்டை அவிழ்த்தால் பத்தும் கண்முன் விழும். கட்டிலும் அவிழ்ப்பதிலும் பிள்ளையின் கை நன்கு பழகிய பிறகு காசுக்குப் போங்கள். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு ஒரு ரூபாய் எடுத்து, பத்துச் சேர்ந்ததும் "வங்கி"யில் மாற்றி, முதலில் நூறு ரூபாய்த் தாளைப் பிடிப்பவர் வென்றவர் என்று விளையாடலாம். மழைக் காலத்துக்கு ஏற்ற விளையாட்டு. நானாவும் தங்கையும் சண்டை பிடிப்பார்கள், அது வேறு கதை.

நமது மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எண்களின் பெயரில் தமிழ் பிள்ளைகளுக்கு நல்ல துணை. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் காதிலேயே கேட்கும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தேர்ட்டீனையும் தேர்ட்டியையும் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் போன்ற தொல்லை நமக்குக் குறைவு. ஆனால் ஒன்பதில் மட்டும் தமிழ் நம்மைக் காலை வாரிவிடும். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு, அதற்குள் "நூறு" ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், அதற்குள் "ஆயிரம்" ஒலிக்கிறது. தொள்ளாயிரத்து ஐந்து என்று கேட்ட பிள்ளை 9005 என்று எழுதினால் அதில் வியப்பென்ன? "ஒன்பது நூறு, அதற்குப் பெயர் தொள்ளாயிரம்" என்று சில நாள் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். இதற்குக் காரணம் தேடிக் களைக்க வேண்டாம், பழக்கம்தான் வழி.

ஓதப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குர்ஆனில் ஆயத்து எண்களைப் பார்க்கும்போது, அரபு இலக்கத்தின் ஐந்து நமது பூச்சியம் போல வட்டமாக இருக்கும். அரபுப் பூச்சியமோ ஒரு புள்ளி. ஐம்பதாவது ஆயத்தைப் பார்த்து "இது பூச்சியமா உம்மா?" என்று கேட்டால் ஏசாமல் விளங்கப்படுத்துங்கள். அரபு எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணில் பெரிய இடம் நமக்கு இருப்பதைப் போலவே இடது பக்கம்தான் என்பதையும் காட்டுங்கள். இடம் மாறவில்லை, இலக்கத்தின் உருவம்தான் வேறு.

இனிக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதிலும் அதற்குப் பிறகும் எண்கள் நீளத் தொடங்குகின்றன. அங்கே வீட்டுப் பேச்சு ஒரு வழி, புத்தகம் ஒரு வழி. நாம் இலட்சம், கோடி என்று பேசுகிறோம். புத்தகத்தில் மும்மூன்று இலக்கமாகப் பிரித்து ஆயிரம், மில்லியன் என்று வருகிறது. பள்ளிப் புத்தகம் இடையில் வெளி விட்டு 1 250 000 என்று அச்சிடும். வங்கியிலும் கடையிலும் காற்புள்ளி போட்டு 1,250,000 என்று எழுதுவார்கள். இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தில் இதையே 12,50,000 என்று காணலாம். வாப்பா "பன்னிரண்டரை இலட்சம்" என்பார். டீச்சர் "ஒரு மில்லியன் இருநூற்று ஐம்பதாயிரம்" என்பார். வீட்டில் சொல்வதும் பள்ளியில் சொல்வதும் ஒரே தொகைதான் என்று ஒருவரும் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்லிக் கொடுக்கும் வழி வீடுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று அறை. பெயர் எப்போதும் ஒன்றுதான்: நூறு, பத்து, ஒன்று. வலது ஓரத்து வீட்டுக்குப் பெயரில்லை. அடுத்த வீடு ஆயிரம் வீடு. அதற்கடுத்தது மில்லியன் வீடு. நீண்ட எண்ணைக் கண்டால் முதலில் வாசிக்கக் கூடாது. வலது ஓரத்திலிருந்து மும்மூன்றாகக் கோடு போட வேண்டும். பிறகு இடது பக்கமிருந்து ஒவ்வொரு வீட்டையும் சாதாரண மூன்றிலக்க எண்ணாக வாசித்து வீட்டின் பெயரைச் சொன்னால் முடிந்தது. 2012ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையின் மொத்தத் தொகை 20 359 439. இருபது மில்லியன், முந்நூற்று ஐம்பத்தொன்பதாயிரம், நானூற்று முப்பத்தொன்பது. மூன்றிலக்கம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நாட்டின் சனத்தொகையை வாசிப்பது பெரிய வேலையில்லை.

இதையே வாப்பாவின் மொழியில் வாசிக்க வேண்டுமென்றால் முதல் மூன்றை மட்டும் விட்டுவிட்டு, பிறகு இரண்டிரண்டாகக் கோடு போட வேண்டும்: 2,03,59,439. இரண்டு கோடியே மூன்று இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது. இரண்டு வழியையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஐந்து பூச்சியம் என்றால் இலட்சம், ஆறு என்றால் மில்லியன், அதாவது பத்து இலட்சம். ஏழு என்றால் கோடி, அதாவது பத்து மில்லியன். நூறு கோடி சேர்ந்தால் ஒரு பில்லியன், ஒன்பது பூச்சியம்.

காதால் கேட்டு எழுதும்போதுதான் இங்கேயும் பழைய வியாதி தலைகாட்டும். ஐந்து இலட்சத்து ஏழாயிரத்து நாற்பது என்று சொல்லிப் பாருங்கள். 5, 7000, 40 என்று அடுக்கிவிடுவார்கள். முதலில் வெறும் வீடுகளைக் கீறச் சொல்லுங்கள், ஆறு அறை. பிறகு ஆட்களைக் குடிவைத்து, ஆளில்லாத அறைக்கெல்லாம் பூச்சியம் போட்டால் 507 040.

இது பிள்ளைகளின் பாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பொருளின் விலையைத் தொலைபேசியில் கேட்டு நான் குறித்துக்கொண்டேன். மறுபக்கத்தில் சொன்னது ஒரு இலட்சத்து ஐயாயிரம். நான் எழுதி வைத்தது 150,000. எனக்கு "ஐம்பதாயிரம்" என்று கேட்டதா, கை தவறியதா என்று இன்றும் தெரியாது. பூச்சியமும் ஐந்தும் இடம் மாறியதில் நாற்பத்தையாயிரம் ரூபாய் வித்தியாசம். அவ்வளவு காசு இல்லையென்று பயந்து, சீட்டுப் பிடிக்கும் சகோதரியிடம் என் முறையை முன்னுக்குத் தரச் சொல்லி மன்றாடி, பிறகு வெட்கப்பட வேண்டியதாயிற்று. வங்கியில் காசு வைப்பிலிடும் சிட்டையைப் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரிடம் நீட்டி "நிரப்பித் தாருங்கள்" என்று கேட்கும் சகோதரிகளை நான் அடிக்கடி காண்கிறேன். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதத் தெரியாமல்தான் அவர்களில் பலர் தயங்குகிறார்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் சாட்டில் நாமும் அந்த ஆறு அறையைக் கீறிப் பழகினால் யாருக்குத் தெரியப் போகிறது?

பெரிய எண்ணின் கனத்தைக் காட்ட அரிசி இருக்கிறது. நாட்டரிசியில் ஆயிரம் மணி எண்ணி நிறுத்தால் ஏறத்தாழ 20 கிராம் வரும். அரிசிக்கு அரிசி இது வேறுபடும், சம்பா என்றால் குறையும். ஆயிரத்தை எண்ணுவது பிள்ளைகளின் வேலை. பத்துப் பத்தாக, பிறகு நூறு நூறாகக் குவித்து எண்ணட்டும். மற்றதைக் கணக்கால் பார்க்கலாம். 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு இலட்சம் மணி 2 கிலோ. ஒரு மில்லியன் 20 கிலோ. கோடி என்றால் 200 கிலோ, வீட்டில் வைக்க இடம் தேட வேண்டும். நேரத்தாலும் காட்டலாம். ஒரு இலட்சம் செக்கன் ஒரு நாளைக்கு மேல் நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லியன் செக்கன் சுமார் பதினொன்றரை நாள். ஒரு பில்லியன் செக்கன் என்றால் முப்பத்தொரு வருடமும் எட்டு மாதமும் அளவில். பத்திரிகையில் மில்லியன் என்றும் பில்லியன் என்றும் வரும்போது ஒரே மாதிரி வாசித்துக் கடந்துவிடுகிறோமே, இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். இதைக் கேட்ட என் மருமகன் தன் வயதைச் செக்கனில் கணக்குப் பார்க்கத் தொடங்கி, அன்று இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டான்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இவற்றில் முதற் பாதியைத்தான் எழுதி அனுப்பினேன். அஸருக்குப் பிறகு பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டாம், அந்தப் பத்து நிமிடத்தில் கொப்பியைத் தொடவே வேண்டாம் என்றும் எழுதினேன். அகப்பைக் காம்பைக் கறிக்கு மட்டும் பாவியுங்கள் என்று கடைசியில் சேர்த்துவிட்டேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

போன கிழமை மீண்டும் ஒரு தாள் வந்தது. இம்முறை கிழித்த தாளில்லை, உம்மாவே எண் சொல்லி வீட்டில் எழுதுவித்தது. பத்தில் ஏழு சரி. பிழைத்த மூன்றில் ஒன்று, அவசரத்தில் 6ஐத் திருப்பி எழுதியது. மற்ற இரண்டும் தொள்ளாயிரத்தில் தொடங்குபவை. அதற்கு இன்னும் இரண்டு கிழமை கொடுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

103இலிருந்து 8ஐக் கழிக்கும்போது ஆளில்லாத அறையிடம் எப்படிக் கடன் கேட்பது என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. ஈர்க்குக் கட்டுகளை எறிந்துவிடாமல் வைத்திருங்கள், இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.